இரண்டு வருடம் என் தொடைக்குள் இருந்த ராடு

எலும்பு முறிவுக்காக வைத்து, போன மாதம் என் வலது தொடையிலிருந்து எடுத்த ராடு இப்போது ராணிப்பேட்டையில் என் லேத் பட்டறை மேஜை மேல் கிடக்கிறது. 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 10 மிமீ தடிமன், 380 மிமீ நீளம், மேலே ஒரு ஸ்க்ரூ, கீழே இரண்டு. டாக்டர்கள் நெயில் என்பார்கள், நம் ஊரில் எல்லோருக்கும் அது ராடுதான். கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லும் குறைகள் ஒரு கம்பெனியோடு நிற்பவை இல்லை. 5க்கு 3.5 கொடுக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாலாஜா பக்கம் ஹைவேயில் பைக்கோடு விழுந்து தொடை எலும்பு நடுவில் முறிந்தபோது, வட ஆற்காட்டில் எல்லா வீட்டிலும் நடப்பது போல சொந்தக்காரர்கள் பாதிப் பேர் புத்தூர் கட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றார்கள். கை முறிந்து அங்கே போய்வந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. ஆனால் தொடை வேறு. அங்கே இருக்கிற தசைகளுக்கு இருக்கும் பலத்தில், முறிந்த இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இழுத்துக் காலைக் குட்டையாக்கிவிடும், வெளியே என்ன கட்டுப் போட்டாலும் அந்த இழுப்பு நிற்காது. முன்பெல்லாம் காலில் எடையைத் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பார்களாம். ஜெர்மனியின் கூன்ட்ஷர் என்ற டாக்டர் 1939ல் எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள்ளேயே ராடை இறக்கிக் காட்டினார், அதிலிருந்துதான் காலம் மாறியது. வேலூரில் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நான் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றேன். பைப்புக்கு நடுவே ஷாஃப்ட் விட்ட மாதிரி ராடு எலும்பின் மையத்தில் நிற்கிறது, அதனால் பாரம் நேராக இறங்குகிறது. பக்கவாட்டில் வைக்கும் பிளேட்டை அதே பாரம் வளைக்கப் பார்க்கும். அந்த யோசனைக்கு என் முழு மார்க்.

இனி குறைக்கு வருகிறேன். எலும்பு நன்றாக ஒட்டிய பிறகும் முழங்காலுக்கு நாலு விரல் மேலே, முன்பக்கம், படி இறங்கும்போதெல்லாம் குத்தும். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் காரணம் தெளிவாகத் தெரிந்தது: ராடின் கீழ்முனை எலும்பின் முன்சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தொடை எலும்பு நேரான குச்சி இல்லை, முன்பக்கமாக வில் மாதிரி வளைந்தது. அளந்து பார்த்தவர்கள் அந்த வில்லின் ஆரம் சராசரியாக 120 செமீ அளவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பழைய டிசைன் ராடுகளிலோ அது 150 முதல் 300 செமீ வரை, அதாவது எலும்பைவிட நேராக இருக்கும்.

ராடு கைக்கு வந்ததும் சர்ஃபேஸ் பிளேட்டில், அதாவது அளவு பார்க்கும் சமதளப் பலகையில், படுக்க வைத்து நடுவில் எழும்பி நிற்கும் உயரத்தை அளந்தேன். 9 மிமீ. நீளத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம், அப்படிப் பார்த்தால் 2 மீட்டர் வருகிறது. ராடின் மேல்பகுதி கொஞ்சம் நேராக இருப்பதால் இது தோராயக் கணக்குதான், இருந்தாலும் 120 செமீ ஆரமுள்ள எலும்பில் அதே நீளத்துக்கு 15 மிமீ எழும்ப வேண்டும். 6 மிமீ வித்தியாசம்! எங்கள் பட்டறையில் அரை மிமீ தவறினாலே பீஸ் ரிஜெக்ட், இது உயிருள்ள எலும்புக்குள் போகிற பொருள். அதிலும் ஸ்டீல், எலும்பைவிடச் சுமார் பத்து மடங்கு விறைப்பு, அது வளைந்து கொடுக்காது, எலும்புதான் கொடுக்க வேண்டும். டைட்டானியம் கலவையில் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிறது, விலை ஏறுகிறது. புது டிசைன்கள் சிலவற்றில் ஆரத்தை 100 செமீ வரை குறைத்துவிட்டார்கள், அது வந்தது நல்லது. இடுப்புப் பக்க முறிவுக்கு வைக்கும் பி.எஃப்.என்.ஏ. ராடிலும் ஆசியர்களின் எலும்புக்காகவே மேல்முனைக் கோணத்தை 6 டிகிரியிலிருந்து 5 ஆக்கி இன்னொரு மாடல் கொண்டு வந்தார்கள். ஆக, மாற்ற முடியும் என்பது அவர்களுக்கே தெரியும்.

அடுத்தது மேல்முனை. எனக்கு வைத்த செட்டில் நீளம் 20 மிமீ இடைவெளியில்தான் வரும், 360, 380, 400 என்று. எனக்குத் தேவை இடையில் எங்கோ இருந்திருக்கிறது, மிச்சம் இடுப்பெலும்புப் பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியாது. சம்மணம் போட்டு இலை முன்னால் உட்காருங்கள், இந்தியன் கழிப்பறையில் குத்துக்காலிடுங்கள், வலப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், அப்போது தெரியும். தரையில் வாழ்கிற உடம்புகளை நினைத்து இதை வரைந்திருந்தால் 10 மிமீ இடைவெளியாவது வைத்திருப்பார்கள். 360ஐ வைத்து, மேல்முனை த்ரெட்டில் திருகுகிற நீளமான மூடி போட்டிருந்தாலும் சரியாகியிருக்கும். எனக்கு எந்த மூடியுமே போடவில்லை, அதனால் மேல் த்ரெட்டுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டது, எடுக்கும்போது அதைச் சுரண்டவே நேரம் போனது.

அப்புறம் ஸ்க்ரூ. கீழ் ஸ்க்ரூ ஒன்றின் ஆலன் கீ குழி மழுங்கிப்போய் கருவி சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆபரேஷன் இரண்டு மணி நேரம் ஆனது. ஆறு மூலை குழியில் பிடி மூலைகளில் மட்டும்தான், மெத்தென்ற ஸ்டீலில் அந்த மூலை சீக்கிரம் உருண்டுவிடும். நட்சத்திர வடிவக் குழி என்றால் பிடி பரவலாக விழும், சாதாரண மெஷின் ஸ்க்ரூவிலேயே எப்போதோ வந்துவிட்டது. ஒரு நாள் கழற்றப் போகும் ஸ்க்ரூவுக்கு அதைச் செய்யாமல் இருப்பது எனக்கு ஏற்கவே முடியவில்லை.

ராடு வைக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்: ராடின் வளைவு என் எலும்புக்குப் பொருந்துமா, மேலே மூடி போடுவீர்களா, ஸ்க்ரூ தலை எந்த வடிவம். பெட்டியில் வரும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிவையுங்கள், எடுக்கிற டாக்டருக்கு எந்தக் கருவி வேண்டும் என்று அதைப் பார்த்துதான் தெரியும். எடுத்த பிறகு ராடையும் கேட்டு வாங்குங்கள். வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், அளந்து தருகிறேன். பத்துப் பதினைந்து ராடின் அளவு சேர்ந்தால் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.