பழைய வீட்டுக்கு வங்கிக் கடன்: யாழ்ப்பாணத்தில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு

யாழ்ப்பாண நகரிலோ அதை அண்டிய இடங்களிலோ பழைய வீடொன்றை வங்கிக் கடனில் வாங்க எண்ணியிருப்பவர்கள், வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் சரியென்று எழுதிவிட்டார் என்ற பேச்சை நம்பி முற்பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். என்னிடம் அப்படிச் சொன்ன தரகருக்கும், அருகில் இருந்து தலையாட்டிய வங்கி அலுவலருக்கும், அந்த மதிப்பீடு எதற்காகச் செய்யப்படுகிறது என்பது நன்றாகவே தெரியும்.

நான் வாங்க முற்பட்ட வீடு வண்ணார்பண்ணைப் பக்கம், இரண்டு பரப்புக் காணியில் இருக்கிறது. முன்பகுதி சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய பழைய தடித்த சுவர். பின்பகுதி எழுபதுகளில் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டுச் சேர்த்த அறையும் குசினியும். உரித்தாளர் கனடாவில் இருப்பதால், அற்றோணித் தத்துவம் பெற்ற உறவினர் ஒருவரே விற்பனையைக் கவனித்தார். சுவர்ப் பூச்சும் நிறமும் புதிதாக இருந்தன. பின்பகுதி முழுவதற்கும் புதிதாகச் சீலிங் அடித்திருந்தார்கள். அதற்கு மேலே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும் எனக் கேட்டபோது, "அதைக் கழட்டினால் ஆர் திருப்பிப் பூட்டுறது, தம்பி? பாங்கே பாத்துப்போட்டுது, பிறகென்ன யோசனை?" என்றார் தரகர்.

வங்கி பார்த்தது உண்மைதான், ஆனால் அது பார்த்தது வேறொன்றை. மதிப்பீட்டாளர் காணியின் எல்லைகளையும் பாதையையும் கட்டடத்தின் பரப்பளவையும் குறித்துக்கொண்டு, சில படங்களை எடுத்து, சந்தைப் பெறுமதி இவ்வளவு, கட்டாய விற்பனையில் இவ்வளவு தேறும் என்று எழுதுகிறார். கடன் தவணை தவறினால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வழக்கே போடாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விற்க, சில வரம்புகளுக்கு உட்பட்டு, வங்கிக்கு அதிகாரம் உண்டு. நகரத்துக் காணிக்கு இன்றுள்ள விலையில், மேலே நிற்கும் வீடு விழுந்தாலும் நிலம் கடனை அடைத்துவிடும். சுவர் எவ்வளவு காலம் நிற்கும் என்பது அந்த அறிக்கையின் கேள்வியே அல்ல. அதற்கான கட்டணத்தை நான்தான் செலுத்தினேன். பிரதி கேட்டபோது, அது வங்கியின் உள்ளக ஆவணம் என்று மறுத்துவிட்டார்கள்.

கடன் உறுதியாகக் கிடைக்கும், முற்பணத்தைக் கொடுத்து வீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகச் சொன்னவரும் அதே அலுவலர்தான். முற்பணம் கைமாறிய பின்னரே, கட்டடம் பழையது என்பதால் பட்டயப் பொறியியலாளரின் சான்றிதழ் வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

பொறியியலாளர் முதலில் கழற்றச் சொன்னது சீலிங்கைத்தான். உள்ளே கொங்கிறீற்று பாளம் பாளமாகப் பெயர்ந்து, கம்பிகள் கறள் பிடித்து வெளியே தெரிந்தன. இரும்பு கறள் பிடிக்கும்போது பல மடங்கு பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கிறது. கடல் மணலிலோ உவர் நீரிலோ குழைத்த தட்டாக இருந்தால், அந்த உப்பே கம்பியைத் தின்னத் தொடங்கிவிடும் என்று விளக்கினார். மேலே சாந்து பூசுவதால் அது நிற்காது. முன்பகுதியில் யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிய வெடிப்பொன்றைச் சீமெந்தால் அடைத்து நிறம் தீட்டியிருந்தார்கள். பூச்சைத் தட்டிப் பார்த்தபோது அது 5 மில்லிமீற்றருக்கு மேல் அகன்று, சுவரின் மறுபுறம் வரை ஊடுருவியிருந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின் அந்த வீடு கூரையில்லாமல் சில மாரிகளைக் கண்டது என்று அயலவர்கள் சொன்னார்கள். ஊறிய சுண்ணாம்புச் சுவரின் மேல் சீமெந்துப் பூச்சு ஏறினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சாந்தை உதிர்க்கும். அத்திவாரம் இன்னும் இறங்குகிறதா என்பதை அறிய, வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிச் சில மாதங்கள் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். அடியில்லாக் கிணறு என்று பேர்பெற்ற நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு, நமது சுண்ணக்கல்லின் அடியில் எத்தகைய வெற்றிடங்கள் இருக்கக்கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அறிக்கை போனதும் வங்கி கட்டடத்துக்குப் பெறுமதி இல்லையென்று தள்ளி, நிலத்தை மட்டும் கணக்கில் எடுத்து, கடனைப் பாதிக்கும் கீழே குறைத்தது. முற்பணத்தைக் கேட்டபோது, வாங்காமல் விட்டது நீங்கள்தானே என்று உறவினர் கையை விரித்தார். பிறகுதான், அந்தச் சீலிங்கை அடித்த வேலையாள் ஒருவர் மூலம், எனக்கு முன்னரே ஒருவர் வேறொரு வங்கியில் இதே காரணத்தால் கடன் மறுக்கப்பட்டு விலகியதும், அதன் பிறகே பூச்சும் சீலிங்கும் நடந்ததும் தெரியவந்தன. அந்த விற்பனைக்கும் தரகர் இவரேதான். வீடு இப்போது மறுபடியும் விலைக்குக் காட்டப்படுகிறது. எந்த நிறத்தில் என்று தெரியவில்லை.

எங்களுக்கிடையே எழுதப்பட்டது தரகர் கொண்டுவந்த ஓர் ஒப்பந்தத் தாள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் செல்லாது. அந்தத் தாளைக் கொண்டு விற்பனையை வற்புறுத்த முடியாது, ஆனால் கொடுத்த காசை மீட்க வழக்குப் போடலாம் என்று என் சட்டத்தரணி சொல்கிறார். அதற்கு எத்தனை தவணை ஆகும் என்பதை நீதிமன்றப் படியேறியவர்கள் அறிவார்கள்.

ஆகவே முற்பணம் கொடுக்கும் முன்னரே உங்கள் செலவில் ஒரு பொறியியலாளரைக் கூட்டிச் செல்லுங்கள். அவருடைய கட்டணம் முற்பணத்தில் மிகச் சிறிய பங்கு. சீலிங்கைத் திறக்க மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பொறியியலாளர் சான்றிதழ் கேட்கப்படுமா, கட்டடத்துக்குப் பெறுமதி கணிக்கப்படுமா என்பவற்றை வங்கியிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். இன்ன தொகைக்குக் கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் முழுவதும் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனை நொத்தாரிசு எழுதும் உடன்படிக்கையிலேயே இருக்க வேண்டும். விற்பவர் அற்றோணித் தத்துவத்தில் வருபவராயின், பணம் பெறும் அதிகாரம் அதில் உள்ளதா, அது பதிவு செய்யப்பட்டதா என்பதையும் சட்டத்தரணி பார்க்கட்டும்.

வங்கிக்கு எழுதிய முறைப்பாட்டுக்கு, மதிப்பீடு வங்கியின் தேவைக்கு மட்டுமே என்ற ஒற்றை வரிப் பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலையும் இணைத்து மத்திய வங்கிக்கு முறைப்பாடு அனுப்பியுள்ளேன்.