ஓ.எம்.எஸ். மென்பொருளின் ஸ்விட்சிங் ஷீட்: குமரி மாவட்ட லைனுக்கு ஒத்துவருமா?

மின்தடை மேலாண்மைக்கான ஓ.எம்.எஸ். மென்பொருளை விற்க வருகிறவர்கள் முதலில் காட்டுவது கலர் கலரான வரைபடத்தைத்தான். கரண்ட் உள்ள லைன் ஒரு நிறம், இல்லாதது வேறொரு நிறம், எர்த் செய்தது (தரையோடு இணைத்தது) இன்னொன்று. பார்க்க அழகுதான். ஆனால் எஸ்.எஸ்.ஸில் (துணைமின் நிலையத்தில்) ஷிப்டு பார்க்கிறவருக்கும் கம்பத்தடியில் நிற்கிற லைன்மேனுக்கும் உயிர்நாடியான பகுதி ஸ்விட்சிங் ஷீட். எந்த ஸ்விட்சை எந்த வரிசையில் யார் இயக்குவது, எத்தனை மணிக்கு முடித்தார், எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனில் வேலை செய்வதற்கான அனுமதி) யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் பதிவாகும் தாள் அது. இந்த மதிப்புரை அந்தப் பகுதியைப் பற்றி மட்டும். விற்பவர் பெயர் மாறினாலும் அமைப்பு பெரும்பாலும் இதுதான்.

கடற்கரைப் பக்கம் ஒரு 11 கே.வி. ஃபீடரில் (எஸ்.எஸ்.ஸிலிருந்து கிளம்பும் லைனில்) உப்புக்காற்றில் கெட்டுப்போன ‘பின்’ (pin) வகை இன்சுலேட்டர்களை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ ஃபீடரில் இரண்டு ஏ.பி. ஸ்விட்சுகள் (கம்பத்தில் இருக்கும், கையால் இயக்கும் ஸ்விட்ச்): ஏ.பி. 1, ஏ.பி. 2. வேலை இரண்டுக்கும் இடையில். ஏ.பி. 2க்கு அப்பால் உள்ள வால் பகுதியை, இரண்டு ஃபீடர்களையும் இணைக்கிற, வழக்கமாகத் திறந்தே கிடக்கும் டை ஸ்விட்ச் வழியாக ‘ஆ’ ஃபீடரில் ஏற்றிவிடலாம். சாதாரண ஏ.பி. ஸ்விட்ச் லோடை வெட்டுவதற்கான கருவி இல்லை. லோடோடு இழுத்தால் ஆர்க் அடிக்கும். ஆகவே வரிசை இப்படி வரும்: ‘அ’ பிரேக்கர் (எஸ்.எஸ்.ஸில் லோடோடு வெட்டக்கூடிய கருவி) ஆஃப், ஏ.பி. 1 திற, ஏ.பி. 2 திற, ‘அ’ ஆன், ‘ஆ’ பிரேக்கர் ஆஃப், டை மூடு, ‘ஆ’ ஆன். பிறகு கரண்ட் இல்லை என்று டெஸ்ட் செய்து, வேலையிடத்தின் இரு பக்கமும் எர்த் ராடு போட்டு, அதன் பின்தான் எல்.சி.

மென்பொருளில் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் இரண்டு நேரங்கள் தனித்தனியாக வேண்டும்: கட்டளை கொடுத்த நேரம், முடிந்ததாகத் தகவல் வந்த நேரம். பிரேக்கர் ஸ்காடாவில் (தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பில்) இருந்தால் அதன் நிலை தானாகவே வந்துவிடும். கையால் இயக்கும் ஏ.பி. ஸ்விட்சுக்கு அப்படி இல்லை. ஆபரேட்டர் ‘முடிந்தது’ என்று அழுத்தினால்தான் திரையில் திறக்கும். போனில் தகவல் வருவதற்கு முன் அழுத்திவிட்டால் திரை ஒன்று சொல்லும், கம்பம் வேறொன்று சொல்லும்.

இன்னொரு கெட்ட பழக்கத்துக்கும் மென்பொருளே வழி செய்து கொடுக்கிறது. பல ஸ்டெப்புகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் முடிக்கும் வசதி அது. மேலே சொன்ன வேலையில் ‘அ’ ஆஃப் 9.02, ஏ.பி. 1 9.14, ஏ.பி. 2 9.21, ‘அ’ ஆன் 9.24, ‘ஆ’ ஆஃப் 9.27, டை 9.31, ‘ஆ’ ஆன் 9.33 என்று வைப்போம். உண்மையில் ‘அ’வின் முன்பகுதிக்கு 22 நிமிடமும், வால் பகுதிக்கு 31 நிமிடமும், எந்தப் பாவமும் அறியாத ‘ஆ’ ஃபீடர்காரர்களுக்கு 6 நிமிடமும் தடை. மொத்தத்தையும் 9.33 என்று அடித்தால் கணக்கில் யாருக்குமே தடை இல்லை. மின் பொறியாளர்கள் அமைப்பான ஐ.ட்ரிபிள்.இ.யின் 1366 தரத்தின்படி 5 நிமிடத்தைத் தாண்டினாலே அது நீடித்த தடை; எஸ்.ஏ.ஐ.டி.ஐ. (ஒரு நுகர்வோருக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் தடை), எஸ்.ஏ.ஐ.எஃப்.ஐ. (சராசரியாக எத்தனை முறை தடை) இரண்டிலும் ஏறியாக வேண்டும். நேரத்தைப் பின்னால் திருத்தலாம், ஆனால் யார் திருத்தினார், பழைய நேரம் எது என்பது அழியாமல் இருக்கவேண்டும். அது இல்லாத மென்பொருளை வாங்குவதைவிட பழைய லாக்புக்கே மேல்.

ஸ்டடி மோடுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நேரடி நிலையைத் தொடாமல், நகலில் ஸ்டெப்புகளை ஓட்டிப் பார்த்து, டை மூடினால் ‘ஆ’வின் லோடு எங்கே போகும் என்று முந்தின நாளே தெரிந்துகொள்ளலாம். நேரடித் திரைக்கும் ஸ்டடி திரைக்கும் பார்டர் நிறம் பளிச்சென்று வேறாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டை மூடும்போது, ஒரே பெயருள்ள ஃபேஸ்கள் (ஆர், ஒய், பி என்ற மூன்று கம்பிகள்) எல்லா இடத்திலும் ஒன்று என்று நம்பக்கூடாது. ஒரு எஸ்.எஸ்.ஸில் 110/11 கே.வி. ஸ்டார்-ஸ்டார் டிரான்ஸ்பார்மர், பக்கத்து எஸ்.எஸ்.ஸில் 33/11 கே.வி. டெல்டா-ஸ்டார் என்று அமைந்தால் 11 கே.வி. பக்கம் இரண்டுக்கும் இடையே 30 டிகிரி கோண விலகல் வரலாம். அப்போது டை ஸ்விட்சின் இரு முனைக்கும் நடுவே, ஒரே ஃபேஸிலேயே, சுமார் 3,300 வோல்ட் நிற்கும். இரண்டும் சார்ஜில் இருக்கும்போது மூடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெக்டர் குரூப்பை (டிரான்ஸ்பார்மரின் இந்த இணைப்பு வகையை) டேட்டாவில் ஏற்றியிருந்தால்தான் மென்பொருள் தடுக்கும். ஏற்றாவிட்டால் பச்சை விளக்கு காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

திரும்ப நார்மலுக்குக் கொண்டுவரும் ஸ்டெப்புகளைத் தானே எழுதித்தரும் பொத்தான் பாதி வேலையை மிச்சப்படுத்தும். அது தெரிந்த வரிசையைத் தலைகீழாக்கும், அவ்வளவுதான். நடுவில் ஒரு ஸ்விட்ச் ஜாம் ஆகி வேறொன்றைத் திறந்திருந்தால், அதை ஷீட்டில் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கண்டக்டர் (மின்கம்பி) மாற்றிய வேலையென்றால் மூடுவதற்கு முன் ஃபேஸ் வரிசை பார்க்கும் ஸ்டெப்பை நீங்கள்தான் கையால் சேர்க்கவேண்டும். ஆர், ஒய் இடம் மாறினால் சின்னமுட்டம், குளச்சல் பக்கத்து ஐஸ் பிளான்ட் மோட்டார்கள் எதிர்ப்பக்கம் சுற்றும்.

டெமோவில் தவறாமல் இதைச் செய்து பாருங்கள். ஒரே ஷீட்டில் இரண்டு எல்.சி. கொடுத்து, ஒன்றை மட்டும் ரிட்டர்ன் செய்துவிட்டு ஏ.பி. 1ஐ மூடச் சொல்லுங்கள். மென்பொருள் மறுக்கவேண்டும். ‘ஓகே’ அழுத்தினால் விட்டுவிடும் எச்சரிக்கைப் பெட்டி போதாது. போட்ட எர்த் ராடு நான்கு என்றால் எடுத்ததும் நான்கா என்று எண்ணிக் கேட்கவேண்டும். இதெல்லாம் திரையில் போடும் பூட்டு. கம்பத்தில் ஹேண்டிலுக்குப் பூட்டும் அபாயப் பலகையும் ஆள்தான் போடவேண்டும்.

இந்த ஊருக்கென்றே சில சோதனைகள் உண்டு. ‘விளை’யில் முடியாத பெயர் குமரியில் எத்தனை இருக்கிறது? போனில் ‘புன்னவிளை ஏ.பி.’ என்பது ‘பொன்னவிளை ஏ.பி.’ என்று கேட்கும். ஷீட்டில் பெயரோடு ஸ்விட்ச் நம்பரும் வரவேண்டும், அதே நம்பர் கம்பத்திலும் பெயிண்டில் இருக்கவேண்டும், லைன்மேன் திருப்பிச் சொன்ன பிறகே கட்டளை செல்லும். பேச்சிப்பாறைக்கு மேலே மொபைல் சிக்னல் விட்டுவிட்டு வரும். லைன்மேனின் மொபைல் ஆப் ஆஃப்லைனில் பதிந்தால் ஸ்விட்ச் இழுத்த நேரத்தை எடுக்கிறதா, சிக்னல் கிடைத்த நேரத்தையா என்று கேளுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலை லைன்களில் எஸ்.எஸ். பிரேக்கரைத் திறந்ததும் திரை ‘கரண்ட் இல்லை’ என்றுவிடும். காற்றாலைகளையும் சோர்ஸாக (கரண்ட் வரும் இடமாக) மாடலில் சேர்த்திருந்தால்தான் அந்த நிறத்துக்கு அர்த்தம். கல்யாண மண்டப ஜெனரேட்டரும் மாடி சோலாரும் எந்த மாடலிலும் சரியாக வராது. அதனால் எல்.டி. (வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்த) பக்கம் ஃபியூஸ் எடுப்பதும் எர்த் போடுவதும் ஷீட்டில் தனி ஸ்டெப்பாகவே இருக்கட்டும்.

கடைசியாக, புயல் நாள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி இந்த மாவட்டத்தில் கம்பங்களை வரிசையாகச் சாய்த்தது. அப்படிப்பட்ட நாளில் முன்கூட்டி ஷீட் எழுதி, அப்ரூவல் வாங்கி வேலை செய்ய நேரமிருக்காது. திரையில் இயக்க இயக்க ஸ்டெப்பாகப் பதியும் அவசர ஷீட் வேண்டும். தென்னை விழுந்து அறுந்த இடத்தில், இரு கம்பங்களுக்கு நடுவிலும், தற்காலிக ‘கட்’டும் (துண்டிப்பு) ஜம்பரும் (இணைப்புக் கம்பி) போட வரைபடம் இடம் தரவேண்டும். தராவிட்டால் ஆபரேட்டர் பக்கத்து ஏ.பி.யைத் திறந்ததாகக் காட்டிச் சமாளிப்பார். அடுத்த ஷிப்டுக்காரர் அந்த ஏ.பி. உண்மையிலேயே திறந்திருப்பதாக நம்பி ஆளை லைனில் ஏற்றுவார்.