கைத்தறிச் சேலையை இணையத்தில் வாங்குதல்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்ட தள வடிவமைப்பு வேறுபாடுகள்

கைத்தறிச் சேலைகளைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே வாங்கி வருகிறேன். காரைக்குடிக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி, நெகமம் பருத்தி, அவ்வப்போது ஒரு திருபுவனம் பட்டு என வீட்டுத் தேவைக்கும் உறவினர் விசேஷங்களுக்கும் வாங்கியவை இவற்றில் அடங்கும். பெரிய சந்தைத் தளங்கள், நெசவாளர் குடும்பங்களே நடத்தும் சிறு தளங்கள், கூட்டுறவு அமைப்புகளின் தளங்கள், வாட்ஸ்அப் குழுக்கள் என எல்லா வழிகளையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். எந்தக் கடையிடம் திரும்பத் திரும்ப வாங்கினேன், எதை ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டேன் என்று இப்போது தொகுத்துப் பார்க்கும்போது, பல நேரங்களில் சேலையின் தரத்தைவிடத் தளத்தின் அமைப்பே அதைத் தீர்மானித்திருப்பது தெரிகிறது. ஒரே ஊரில் ஒரே வகைத் தறியில் நெய்த சேலையை ஏறத்தாழ ஒரே விலைக்கு விற்கும் இரு கடைகளில் ஒன்றுக்கு நிலையான வாடிக்கையாளர்கள் அமைகிறார்கள், மற்றொன்றுக்கு அமைவதில்லை. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை வாங்குபவரின் இடத்திலிருந்து எழுதுவதே இதன் நோக்கம்.

நேரில் கடைக்குப் போனால் விற்பனையாளர் சேலையை விரித்துக் காட்டுவார். நாம் முந்தானையைத் தோளில் போட்டுப் பார்ப்போம். நூலைத் தடவிப் பார்ப்போம். சாயம் போகுமா, ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா என்று கேட்போம். இணையத்தில் இவை எதுவும் இல்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில், கேட்கப்படும் முன்பே எல்லாவற்றுக்கும் விடை சொல்ல வேண்டிய பொறுப்பு அந்தப் பக்கத்தின்மேல் விழுகிறது. நல்ல வடிவமைப்பு என்று நான் கருதுவது இதைத்தான். நகரும் பதாகைகளும் மின்னும் எழுத்துகளும் உள்ள தளங்களில் வாங்கத் தயங்கியிருக்கிறேன். எந்த அலங்காரமும் இல்லாத வெள்ளைப் பக்கங்களில் தயக்கமின்றிப் பணம் செலுத்தியிருக்கிறேன்.

முதலில் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் துணி வணிகத்தில் பாதிக்கு மேற்பட்ட ஏமாற்றங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. கண்டாங்கியின் அழகு அதன் கட்டங்களிலும் அகலமான கரையிலும் இருக்கிறது. ஆனால், மடித்து வைத்த சேலையை மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் அந்தக் கட்டம் விரல் அகலமா, உள்ளங்கை அகலமா என்பதே தெரியாது. மயில்கழுத்து நிறம் பாவில் (நீளவாட்டு நூலில்) ஒரு நிறத்தையும் ஊடையில் (குறுக்குவாட்டு நூலில்) வேறொரு நிறத்தையும் கொடுத்து நெய்வதால் வருவது; பார்க்கும் கோணம் மாற மாற நீலமும் பச்சையும் மாறித் தோன்றும். அதை ஒரே கோணத்தில் எடுத்த படத்தால் காட்டவே முடியாது. குழல்விளக்கின் அடியில் எடுத்த அரக்கு நிறம் கைக்கு வரும்போது கத்தரிப்பூ நிறத்துக்கு நெருங்கியிருந்ததும் உண்டு. நான் தொடர்ந்து வாங்கும் தளங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது என்னவென்றால், உடல், கரை, முந்தானை ஆகிய மூன்றையும் தனித்தனியே பகல் வெளிச்சத்தில் எடுத்திருப்பார்கள். நெசவை அருகிலிருந்து காட்டும் படம் ஒன்றும், ஒருவர் உடுத்தியிருக்கும் படம் ஒன்றும், துணி எப்படி விழுகிறது என்பதைக் காட்டும் சில விநாடிக் காணொளி ஒன்றும் இருக்கும். இவற்றுக்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. சன்னலோர வெளிச்சமும் சற்றுப் பொறுமையும் போதும்.

படம் சொல்லாததை எழுத்து சொல்ல வேண்டும். எண்பதாம் நம்பர் நூலா, அதைவிட மெல்லிய நூறாம் நம்பர் நூலா என்பது சேலையின் கனத்தையும் மென்மையையும் நிர்ணயிக்கிறது. நீளம் ஐந்தரை மீட்டர் மட்டுமா, ரவிக்கைத் துணியும் சேர்த்து ஆறு மீட்டருக்கு மேலா, ஒன்பது கஜமா என்பது கட்டுபவருக்கு அடிப்படையான கேள்வி. இதைக்கூடச் சொல்லாமல் "மிக நேர்த்தியான பாரம்பரியச் சேலை" என்று மட்டும் எழுதும் தளங்கள் இன்றும் ஏராளம். சுங்குடியில் இந்த மௌனம் இன்னும் பெரிய சிக்கலாகிறது. மதுரைச் சௌராஷ்டிர சமூகத்தினர் வளர்த்த, துணியை முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் இந்தக் கலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஆனால், சந்தையில் சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி அச்சிட்டவை. கையால் முடிச்சிட்டதற்கும் அச்சிட்டதற்கும் உழைப்பிலும் விலையிலும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. அச்சுச் சேலையை அச்சு என்றே எழுதி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பக்கத்திலேயே படத்தோடு காட்டிய ஒரு தளத்தில் நான் இரண்டு வகையையும் வாங்கினேன். அந்த ஒரு பத்தி எனக்குக் கொடுத்த நம்பிக்கையை எந்தத் தள்ளுபடி அறிவிப்பும் கொடுத்ததில்லை.

நல்ல படங்கள் வேண்டும் என்பதற்காகக் கேமராவிலிருந்து வந்த கோப்புகளை அப்படியே ஏற்றிவிடுவது அடுத்த தொல்லை. ஒவ்வொன்றும் ஐந்தாறு மெகாபைட் அளவுள்ள படங்களைக் கொண்ட பக்கம், ஊர்ப்புறத்தில் கைப்பேசியில் திறக்கும்போது வெறும் சாம்பல் கட்டங்களாக நிற்கிறது. படத்தின் அளவைக் குறைத்து, வெப்பி (WebP) போன்ற, குறைந்த இடம் பிடிக்கும் கோப்பு வடிவத்தில் சேமித்தால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாமலே அது இருநூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கூகுள் வகுத்துள்ள அளவுகோலின்படி பக்கத்தின் முதன்மையான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். பக்கம் முழுதாக வரும் முன்பே படங்கள் ஒவ்வொன்றாக நுழைந்து மற்றவற்றைக் கீழே தள்ளுவதும் இதோடு சேர்ந்த குறைதான். நாம் ஒன்றைத் தொடப்போக, விரல் வேறொன்றின்மேல் படுகிறது. துணி விற்பனையில் இதற்கு ஒரு பழைய, பெரிய எடுத்துக்காட்டு உண்டு. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1999 நவம்பரில் தொடங்கிய பூ.காம் (boo.com) என்ற ஆடை விற்பனைத் தளம், பெரும்பாலோர் தொலைபேசி இணைப்பில் இணையம் பார்த்த காலத்திலேயே முப்பரிமாணப் படங்களையும் அசையும் உருவங்களையும் நம்பிக் கட்டப்பட்டது. பக்கம் திறப்பதே பலருக்குப் பாடாக இருந்தது. 13 கோடி டாலருக்கு மேல் முதலீடு பெற்ற அந்நிறுவனம் 2000 மே மாதத்தில் மூடப்பட்டது. கட்டுக்கடங்காத செலவு உள்ளிட்ட வேறு காரணங்களும் அதற்கு இருந்தன. ஆயினும் வாங்க வந்தவரை வாசலிலேயே காக்க வைத்த தளம் என்றுதான் அது இன்றும் நினைக்கப்படுகிறது.

தேடல் வசதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுங்குடியை ஆங்கில எழுத்தில் தேடும்போது ஒருவர் ‘எஸ்’ஸில் தொடங்குவார், இன்னொருவர் ‘சி’யில் தொடங்குவார், தமிழிலேயே தட்டச்சு செய்பவரும் உண்டு. இவற்றில் ஒன்றை மட்டும் ஏற்று மற்றவற்றுக்கு "பொருள் இல்லை" என்று காட்டும் தளம், சரக்கைக் கையில் வைத்துக்கொண்டே வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறது. எழுத்தின் தோற்றமும் அப்படித்தான். வெளிர் சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்துகளை அமைப்பது இப்போது பரவலாகிவிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மைக்கான உலக அளவிலான வழிகாட்டுதல். கைத்தறியை அதிகம் விரும்பி வாங்குபவர்களில் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களால் படிக்க முடியாத விலையும் விவரமும் எழுதப்படாதவைக்குச் சமம்.

அடுத்தது பணம் செலுத்தும் கட்டம். இங்கேதான் என் பொறுமை அதிகம் சோதிக்கப்பட்டிருக்கிறது. சேலையின் விலையை ஓரிடத்தில் காட்டி, முகவரி எல்லாம் கொடுத்து முடித்த பின் கூரியர் கட்டணத்தையும் பொதி கட்டும் செலவையும் சேர்ப்பது பல தளங்களின் வழக்கமாக இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், வரியும் அனுப்பும் செலவும் உட்பட எல்லாக் கட்டணங்களையும் பிரித்துக் காட்டி, மொத்த விலையை ஒரே தொகையாகத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. நாம் தொடாமலே தேர்வுப் பெட்டிகளில் முன்கூட்டியே குறியிட்டு வைத்து ஒப்புதல் பெறுவதையும் அவை அனுமதிப்பதில்லை. 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள், போலி அவசரம் காட்டுதல், கூடையில் கேளாத பொருளைச் சேர்த்தல், விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்துதல் முதலிய 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன. இவற்றில் போலி அவசரம் கைத்தறிக்குச் செய்யும் கேடு தனிப்பட்டது. கைத்தறியில் "இந்த ஒரு சேலைதான் இருக்கிறது" என்பது பெரும்பாலும் உண்மை. அதே நிறக் கலவை மறுபடி பாவு ஓட்டினால்தான் வரும். ஓடும் கடிகாரத்தையும் "இப்போது 37 பேர் பார்க்கிறார்கள்" என்ற வரியையும் எல்லாத் தளங்களிலும் பார்த்துப் பழகியவர்கள், அந்த உண்மையையும் நம்புவதில்லை. நேர்மையான நெசவாளரின் சொல்லும் அவர்கள் கணக்கில் தந்திரமாகிவிடுகிறது.

கணக்குத் தொடங்கினால்தான் வாங்க முடியும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டாலே விற்பனை கூடும். பெரிய வணிக நிறுவனம் ஒன்று ‘பதிவு செய்க’ என்ற பொத்தானை நீக்கி, பதிவின்றியே தொடரலாம் என்று மாற்றியதில் முதலாண்டிலேயே 30 கோடி டாலர் கூடுதலாக வந்தது என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் எழுதியிருக்கிறார். சிறு கடைகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் இடத்தில் கடவுச்சொல்லை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? யுபிஐ வந்த பின் பணம் கட்டுவது எளிதாகியிருக்கிறது. ஆனால், செலுத்திவிட்டுத் தளத்துக்குத் திரும்பும் அந்தக் கணத்தில் வெற்றுப் பக்கம் தெரிவதும், பணம் கழிக்கப்பட்டு ஆர்டர் பதிவாகாமல் நிற்பதும் எனக்கு வெவ்வேறு கடைகளில் நேர்ந்துள்ளன. இத்தகைய பணம் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. பணம் திரும்பும் என்பது தெரிந்தாலும், அந்த நிமிடத்தில் வாங்குபவருக்குத் தேவைப்படுவது "உங்கள் பணம் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கிறோம், மீண்டும் செலுத்த வேண்டாம்" என்ற ஒரு வரியும் ஒரு தொலைபேசி எண்ணும்தான். அவ்விரண்டும் இருந்த கடையில் நான் காத்திருந்தேன். இல்லாத கடைக்கு மறுபடி போகவில்லை.

இவ்வளவு சிக்கலுக்கு வாட்ஸ்அப்பே மேல் என்று பல நெசவாளர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. படம் அனுப்புகிறார்கள், நாம் கேட்கிறோம், உடனே பதில் வருகிறது. ஆயினும் அங்கே "இது இருக்கிறதா?" என்று கேட்பதிலும் "விற்றுவிட்டது" என்று பதில் பெறுவதிலுமே பாதி உரையாடல் கழிகிறது, விலையை ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது, போன மாதம் பார்த்த சேலையைத் தேடினால் கிடைக்காது. நான் நீண்டகாலமாக வாங்கும் ஒரு குடும்பத் தளம் இந்த இரண்டையும் இணைத்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தொடக்கத்தில் அதுவும் விற்ற சேலைகளை நீக்காமல் வைத்திருந்த, கைப்பேசியில் எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்ட தளமாகத்தான் இருந்தது. பின்னர் அதைத் திருத்தினார்கள். விற்றவுடன் அந்தப் படத்தின்மேல் "விற்றது" என்று வருகிறது; அதே பாவில் நெய்த மற்ற சேலைகள் கீழே தெரிகின்றன; அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்ததும் அனுப்பும் செலவும் வந்து சேரும் நாளும் காட்டப்படுகின்றன; ஒவ்வொரு சேலைக்கும் கீழே வாட்ஸ்அப் இணைப்பு இருக்கிறது, அதைத் தொட்டால் அந்தச் சேலையின் எண்ணோடு உரையாடல் தொடங்குகிறது. முன்பெல்லாம் இருப்பைக் கேட்டே நாள் முழுதும் அழைப்புகள் வரும் என்றும், இப்போது வருபவை பெரும்பாலும் வாங்க முடிவு செய்தவர்களின் அழைப்புகள் என்றும் அதை நடத்தும் அம்மா ஒருமுறை சொன்னார்கள். தறியில் உட்கார வேண்டிய நேரம் தறிக்கே திரும்பக் கிடைத்தது என்பதை அவர்கள் சொன்ன விதத்தில், அந்தத் திருத்தத்தின் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது.

திரும்ப அனுப்பும் விதிகளில் இன்னும் பல தளங்கள் பின்தங்கியே இருக்கின்றன. பொதியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்திருந்தால்தான் மாற்றித் தருவோம் என்ற நிபந்தனை, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். விற்பவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஒருமுறை உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். ஆனால், நிபந்தனையைப் பொருள் வந்த பிறகு தெரிந்துகொள்ளும்படி வைப்பது முறையன்று. ஆர்டர் உறுதியானதும் வரும் செய்தியிலேயே அதைத் தெரிவிக்கலாம். முதல் சலவையை உப்புத் தண்ணீரில் தனியாகச் செய்ய வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும் என்ற குறிப்புகளையும் அங்கேயே சேர்த்தால், சாயம் போனது பற்றிய புகார்களில் ஒரு பகுதி எழாது.

இத்தனை ஆண்டுகளில் நான் எதிர்பார்த்து மிக அரிதாகவே கண்டது நெய்தவரைப் பற்றிய விவரம். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையை வைத்து விற்றபோது, வாங்கியவர்கள் அதைச் சேலையோடு பத்திரப்படுத்தினார்கள். இணையத்தில் இதற்கு இடம் தாராளமாக இருந்தும், பெரும்பாலான தளங்கள் "எங்களைப் பற்றி" என்ற பக்கத்தில் எங்கிருந்தோ எடுத்த தறிப் படம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. சேலையின் பக்கத்திலேயே, நெய்தவரின் ஒப்புதலோடு, அவர் பெயரும் ஊரும் அந்தச் சேலை தறியில் இருந்த நாட்களும் இருக்குமானால், ஒரு கண்டாங்கிக்கு ஏன் அந்த விலை என்பதை வேறு எதுவும் விளக்க வேண்டியிராது. இதைச் செய்யும் தளம் எதுவானாலும், அங்கே கூடுதல் விலை கொடுத்து வாங்க நான் அணியமாக இருக்கிறேன்.