பழங்குடிப் போர்க்கோடாலி என்ற பெயரில் லாரிப் பட்டை: சேகரிப்பாளர்கள் கவனத்திற்கு

பொள்ளாச்சி வட்டாரத்தில் பழம்பொருள் விற்கும் ஒருவர், ஒடிசாவின் கோந்த் பழங்குடியினர் பயன்படுத்திய போர்க்கோடாலி என்றும், வயது 150 ஆண்டுக்குக் குறையாது என்றும் கூறி, ரூ.18,500 பெற்றுக்கொண்டு எனக்கு ஒரு கோடாலியை விற்றார். அது லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த புத்தம் புதிய கோடாலி. பழைய விளக்கு, படி, பாக்குவெட்டி என்று சேகரித்துவந்த கொங்குப் பகுதி அன்பர்கள் பலர் இப்போது ஆயுதங்களையும் தேடுவதால் இதை எழுதுகிறேன்.

கோடாலியுடன் கதையொன்றும் வந்தது. நிலம் செழிக்க மனிதரைப் பலியிட்ட ‘மெரியா’ சடங்கில் பயன்பட்ட ஆயுதமாம். அப்படியொரு சடங்கு இருந்ததும், அதை ஒடுக்க ஆங்கில அரசு 1845இல் தனி அதிகாரியை நியமித்து 1861 வரை அந்த அமைப்பை நடத்தியதும் உண்மையே. ஆனால் அந்த வரலாறு இந்தக் கோடாலிக்குச் சான்றாகிவிடாது. அம்மக்களுக்குக் கோடாலி, காடு திருத்தவும் வேட்டைக்குப் போகவும் தோளில் கிடந்த அன்றாடக் கருவி. இரத்தக் கதை விலையை ஏற்றுவதற்காகவே ஒட்டப்படுகிறது.

சென்னிமலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் காட்டியபோது, அவர் முதலில் பார்த்தது அலகை அல்ல, காம்பு நுழையும் துளையை. பழைய வேலையில் இரும்புப் பட்டையைச் சுற்றி வளைத்து, உலையில் காய்ச்சி ஒட்ட அடித்திருப்பார்கள். ஒட்டிய கோடு மங்கலாகத் தெரியும், துளையும் ஒரே சீராக இராது. இதிலோ குழாய்த் துண்டொன்றை அலகோடு வெல்டிங் வைத்து, மேலே கிரைண்டரால் தேய்த்திருந்தார்கள். உட்புறத்தைத் தேய்க்க மறந்திருந்தார்கள். துரு, விரலில் ஒட்டும் செம்மஞ்சள் பொடியாக இருந்தது. பல்லாண்டுப் பழமையான துரு கருத்து, இறுகி, இரும்போடு இரும்பாகக் கிடக்கும். சிறு உலைகளில் உருக்கிய இரும்பில் கசடு கலந்திருப்பதால், துரு அரித்த இடங்களில் மரத்தின் நார்போல வரிகள் தெரியும். இங்கே அமிலம் தின்ற குழிகள் மட்டுமே இருந்தன. பழைய கோடாலிகளில் வாய்ப்பகுதிக்கு மட்டும் எஃகு வைத்து அடிப்பதுண்டு என்பதால், ஆசாரி என் சம்மதத்தோடு பின்புறத்தையே சாணைக்கல்லில் தொட்டுக் காட்டினார். பொறிகள் கிளைகிளையாக வெடித்துச் சிதறின. கரி மிகக் குறைந்த பழைய தேனிரும்பில் அவை நீண்ட கோடுகளாகப் போகும், அதிகம் வெடிக்கா. “லாரிப் பட்டைங்க இது, அடிச்சு ஒரு வருசங்கூட ஆயிருக்காதுங்” என்றார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே எஃகு வடித்த கொடுமணலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்க வேண்டியிருந்தது. காம்பின் கருமையும் தின்னர் தொட்ட துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இத்தனையையும்விட முக்கியமானது ரசீது. வாயால் 150 ஆண்டு என்றவர், ரசீதில் ‘இரும்பு அலங்காரப் பொருள்’ என்று மட்டும் எழுதியிருந்தார். தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972இன்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருள்களை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். ஆகவே அவர் சொன்னது உண்மையானால் உரிமத்தைக் காட்டவேண்டும். பொய்யானால் வயதை எழுதாமல் தப்பிக்கவேண்டும். அந்த ஒரு வரி இரண்டுக்கும் வசதியாக இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “பில்லுல நான் பழசுன்னு எழுதவே இல்லீங்களே” என்று அவர் சொன்ன பதிலும் இதைத்தான் காட்டியது. பணம் கொடுப்பதற்கு முன்பே வயதையும், எந்த மக்களுடையது என்பதையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் சாணைக்கல் வரை போகவேண்டிய அவசியமே இல்லை.

விற்பதற்கு முன் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவில் வயதும் மெரியா கதையும் தெளிவாக உள்ளன. அதனுடன் ரசீதையும் படங்களையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன். இதே கதையோடு, குழாய்த் துளையுள்ள கோடாலியை வேறு யாரேனும் வாங்கியிருந்தால், தங்கள் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.