பழைய அக்கார்டுக்கு நாக் சென்சார்: சிங்காநல்லூர் பட்டறை அனுபவம்

கோவையில் பழைய ஹோண்டா அக்கார்டு 2.4 மாதிரி வண்டியை இன்னும் ஆசையாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், சென்சார், வயரிங் வேலை என்றால் சிங்காநல்லூர் பக்கம் இருக்கும் இந்தச் சின்னப் பட்டறைக்குத் தாராளமாகப் போகலாம். போர்டு கூடக் கிடையாது. டிங்கரிங், பெயின்டிங்குக்கு மட்டும் போய்விடாதீர்கள், அது அங்கிருக்கும் மெக்கானிக்குக்கு வராது, அவரே சொல்லிவிடுவார்.

என்னுடையது 2004 மாடல். செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனர் போட்டால் பி0325, அதாவது நாக் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. இன்ஜினுக்குள் பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடித்தால் இன்ஜின் பிளாக்கில் ஒரு அதிர்வு வரும், அதைப் பிடித்து இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சாரின் வேலை. அது வாயை மூடிக்கொண்டால் ஈசியூ எதற்கு வம்பு என்று இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வண்டி ஓடும், ஆனால் மேம்பாலம் ஏறும்போது பிக்கப் செத்துக் கிடக்கும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

சிக்கல் என்னவென்றால் அது இருக்கும் இடம். இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கமாக, பிளாக்கில் திருகியிருக்கும். பானெட்டைத் திறந்து எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் சட்டென்று கண்ணில் படாது. முதலில் விசாரித்த ஒரு இடத்தில், எதையும் சோதிக்காமலே மேனிஃபோல்டை இறக்கணும், கேஸ்கெட் எல்லாம் புதுசு போடணும் என்று ஒரு பெரிய எஸ்டிமேட்டை நீட்டினார்கள்.

இவர் அப்படியில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, கீழேயிருந்து கையை விட்டுக் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து அங்கிருந்து ஈசியூ வரை வயர் முழுசாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். “வயர்லயும் எலி பல்லு பட்டிருக்குதுங்ணா, சென்சார மட்டும் மாத்துனா திரும்ப லைட்டு எரியும்” என்றார். கறுப்பு உறை கொறிபட்டு உள்ளே ஷீல்டு (வயரைச் சுற்றிய உலோகக் கவசம்) பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததை டார்ச் அடித்துக் காட்டவும் செய்தார். ஸ்கேனரில் நாக் சென்சார் எரர் கோடு வந்தவர்கள் வயரைப் பார்க்காமல் பாகம் வாங்க ஓடாதீர்கள், ஒரிஜினல் விலை கையைக் கடிக்கும்.

வயரைச் சரிசெய்துவிட்டு, நீளமான எக்ஸ்டென்ஷனில் ஆழமான சாக்கெட்டை மாட்டி, மேனிஃபோல்டைத் தொடாமலே பழையதைக் கழற்றிவிட்டார். புதுசை மாட்டும்போது மரையில் டேப், பசை எதுவும் சுற்றவில்லை (ஒற்றை வயர் சென்சார், பிளாக் வழியாகத்தான் அதற்கு எர்த், இடையில் டேப் வந்தால் அது கெடும்). அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் கண்டபடி இறுக்கினால் உள்ளே அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பீசோ படிகம் சரியாகக் கேட்காது. பழசையும் கையில் கொடுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. ஃபோனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைக்காது, அப்புறம் பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார், வாரண்டி எல்லாம் வாய் வார்த்தைதான். உட்கார நாற்காலி கூட இல்லை, எதிரே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பாகத்தை நாமே வாங்கிக் கொடுத்தாலும் முகம் சுளிக்கமாட்டார். கூலி நியாயம். காலையில் சீக்கிரம் போங்கள், பதினொரு மணிக்கு மேல் லிஃப்ட் காலியாக இருக்காது, ஞாயிறு லீவு.