டேலி வகுப்புக்கு மாணவர் எந்த வழியில் வருகிறார்? எழுத்து, வீடியோ, விளம்பரம், சந்தைத் தளம்: ஓர் ஒப்பீடு

டேலி என்னும் கணக்கு எழுதும் மென்பொருளையும் ஜிஎஸ்டி வரி நடைமுறையையும் தமிழில் கற்றுத்தரும் ஆசிரியர்கள் பலர் இன்று ஆன்லைன் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். பாடம் தரமாக இருக்கிறது, கட்டணமும் நியாயமாக இருக்கிறது. சேர்க்கை என்று வரும்போதுதான் தடுமாற்றம். ஒருவர் யூடியூப் ஆரம்பித்தால் எல்லோரும் யூடியூப். ஒருவர் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டால் எல்லோரும் விளம்பரம். எந்த வழி எந்த மாணவரைக் கொண்டுவருகிறது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. சொந்த இணையதளத்தில் கட்டுரைகளாக எழுதுவது, யூடியூப் வீடியோ, பல ஆசிரியர்களின் பாடங்களை விற்கும் யூடெமி போன்ற சந்தைத் தளம், காசு கட்டிப் போடும் விளம்பரம், வாட்ஸ்அப் குழு ஆகிய ஐந்தையும் இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வு எழுத்தின் பக்கம். அது எங்கே தோற்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வருகிறவர் யார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த வகுப்புக்கு இரண்டு வகை மாணவர்கள் உண்டு. முதல் வகை, பி.காம். முடித்து வேலை தேடுபவர். அவருக்கு இன்றைக்கு அவசரச் சிக்கல் எதுவும் இல்லை. டேலி தெரிந்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வருகிறார். இரண்டாம் வகை, ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவர். அரைகுறையாகக் கற்றதை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார். திடீரென்று ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வார்.

இந்த இரண்டாமவரைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவு. மாதத்தின் 10ஆம் தேதி, மாலை நேரம். மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு, விற்பனை விவரங்களைத் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கெடு மறுநாள். டேலியின் புதிய பதிப்பான டேலிபிரைமில் அறிக்கையைத் திறக்கிறார். ஒரு கட்டு பில்கள் 'அன்சர்ட்டன் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற வரியில், அதாவது விவரம் சரியில்லாத பில்களின் வரிசையில், போய் நிற்கின்றன. ஏன் என்று தெரியவில்லை. முதலாளியின் அறைக் கதவு திறந்தே இருக்கிறது. சத்தம் வைத்து வீடியோ பார்க்கும் நிலைமை இல்லை. அந்த வரியையே அப்படியே கூகுளில் தட்டுகிறார். கடைசியில் 'இன் தமிழ்' என்று சேர்க்கிறார். எல்லாம் ஆங்கில எழுத்தில்.

அவர் முன் வந்து நிற்கும் பக்கம் நல்ல பக்கமாக இருந்தால் அதில் முதலில் இருக்க வேண்டியது, அவர் பார்த்துக்கொண்டிருக்கும் அதே திரையின் படம். அடுத்து, பில் அங்கே சிக்குவதற்கான வழக்கமான காரணங்கள்: பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணைக் கொடுக்காமல் விட்டது, வரி விகிதத்தைக் குறிக்காதது, வாடிக்கையாளரின் லெட்ஜரில், அதாவது அவர் பெயரில் திறந்த கணக்கில், மாநிலமோ ஜிஎஸ்டிஐஎன் என்னும் ஜிஎஸ்டி பதிவு எண்ணோ விடுபட்டது. ஒவ்வொன்றையும் எங்கே போய்த் திருத்துவது என்பதும் படத்துடன் இருக்க வேண்டும். பொத்தான்களின் பெயரைத் தமிழாக்கக் கூடாது. திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும், விளக்கம் மட்டும் தமிழில். அவர் வரிவரியாகப் படிக்கமாட்டார். தன் சிக்கல் எது என்று கண்ணால் துழாவி, அந்த இடத்தில் நின்று, திருத்திவிட்டு மூச்சு விடுவார். அதற்குக் கீழே, 'லெட்ஜரைத் திறக்கும்போதே சரியாகத் திறந்தால் மாதாமாதம் இந்தத் தொல்லை இராது. அதை முறையாகக் கற்றுத்தரும் வகுப்பு இது' என்று ஒரு வரி இருந்தால், அது அவருக்கு விளம்பரமாகவே தோன்றாது. இந்த ஆசிரியருக்கு விஷயம் தெரியும் என்பதைத்தான் அவர் சற்று முன் கண்கூடாகப் பார்த்துவிட்டாரே.

எழுத்து கொண்டுவரும் மாணவர் இவர்தான். எண்ணிக்கையில் குறைவு. ஆனால் தனக்கு எது தெரியாது என்று தெரிந்துகொண்டு வருகிறார். அப்படி வருகிறவர் பாடத்தைப் பாதியில் விடுவது அரிது என்பது நான் பார்த்தவரையில் உண்மை.

அமெரிக்காவில் பேட் ஃப்ளின் என்பவரின் கதை இதற்கு நல்ல சான்று. கட்டடக்கலை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த அவர், பசுமைக் கட்டடங்கள் தொடர்பான 'லீட்' தேர்வுக்குத் தான் படித்த குறிப்புகளை ஓர் இணையதளத்தில் எழுதிவைத்தார். 2008இல் வேலை பறிபோன பிறகு, அதே தேர்வுக்குப் படிக்கும் ஏராளமானோர் அந்தக் குறிப்புகளைத் தேடி வந்து போய்க்கொண்டிருப்பதைப் புரிந்துகொண்டு, அவற்றைத் தொகுத்து அதே ஆண்டில் மின்னூலாக விற்றார். விற்க வேண்டும் என்று நினைப்பதற்கு முன்பே வாங்குகிறவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள்.

இனி வீடியோ. அதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. வேலை தேடும் அந்த முதல் வகை மாணவருக்கு எதைத் தேடுவது என்றே தெரியாது. அவர் 'அன்சர்ட்டன் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்று தட்டப்போவதில்லை. அவருக்கு வேண்டியது ஒரு குரல், ஒரு முகம், 'பயப்பட வேண்டாம், இதை நீங்கள் கற்றுக்கொள்ளலாம்' என்ற தெம்பு. அது எழுத்தில் எளிதில் வராது. யூடியூபில் இயற்பியல் நடத்தத் தொடங்கிய அலக் பாண்டேயின் 'பிசிக்ஸ் வாலா' 2020இல் செயலியாகி, 2022இல் நூறு கோடி டாலர் மதிப்பைத் தாண்டியது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தினமும் ஒரே ஆசிரியரின் குரலைக் கேட்டுப் பழகியதன் பலன் அது. நீண்ட காலம் படிக்க வேண்டிய பாடத்துக்கு வீடியோவைப் போல மாணவரைப் பிடித்துவைக்கும் வழி வேறில்லை.

ஆனால் கணக்குப் பாடத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு: அது மாறிக்கொண்டே இருக்கும். பழைய பதிப்பான டேலி இஆர்பி 9இல், விற்ற பொருள் திரும்பி வரும்போது எழுதும் கிரெடிட் நோட் போட கண்ட்ரோல்-எஃப்8 அழுத்த வேண்டும். 2020 நவம்பரில் டேலிபிரைம் வந்தது. அதே வேலைக்கு ஆல்ட்-எஃப்6 ஆனது. எழுத்துப் பக்கத்தில் இதைத் திருத்த இரண்டு நிமிடம் போதும். பதிவேற்றிய வீடியோவை அதே முகவரியில் இன்னொன்றால் மாற்ற யூடியூப் இடம் தருவதில்லை. வெட்டிச் சுருக்கலாம், விளக்கக் குறிப்பில் 'இது பழையது' என்று எழுதலாம். புதிதாக எடுத்துப் போட்டால் பார்வைகள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது இது இன்னும் பெரிய அடியாக விழுந்தது. 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருள்களுக்கு நீங்கி, 5, 18 என்று சுருங்கின. 12 சதவீதத்தை எடுத்துக்காட்டாக வைத்து நடத்திய வீடியோக்கள் எல்லாம் ஒரே நாளில் பழையதாகிவிட்டன. எழுதிவைத்தவர் எண்ணை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. லட்சம் பேர் பார்த்தார்கள் என்று மகிழ்கிற ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் விளக்கக் குறிப்பிலும் கருத்துகளிலும் போடும் இணைப்பை யாராலும் அழுத்த முடியாது. பார்த்தவர் வகுப்புக்கு வர வேண்டுமானால் சேனல் பக்கத்துக்குப் போயோ தானாகத் தேடியோதான் வர வேண்டும்.

யூடெமி போன்ற சந்தைத் தளத்துக்கு வருவோம். அங்கே கடை விரிக்கச் செலவில்லை, பணம் வாங்கும் ஏற்பாடும் அவர்களுடையது. முதல் பாடத்தைப் பதிவு செய்து பழக விரும்புகிறவருக்கு நல்ல களம். கணக்கைப் பார்த்தால்தான் உறுத்துகிறது. யூடெமியின் தேடலில் கண்டு ஒருவர் பாடத்தை வாங்கினால், வரியும் கழிவுகளும் போக நிற்கும் தொகையில் 37 சதவீதம்தான் ஆசிரியருக்கு. தள்ளுபடியில் 499 ரூபாய்க்குப் போனால் கைக்கு 185 ரூபாய்கூட முழுதாக வராது. அதே ஆசிரியர் தன் சொந்த இணைப்பு மூலம் மாணவரை அனுப்பினால் 97 சதவீதம் அவருக்கே. இதில் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது: மாணவரைக் கூட்டிவருவதுதான் இந்தத் தொழிலில் விலை உயர்ந்த வேலை என்பதைச் சந்தைத் தளமே தன் விகிதத்தால் ஒப்புக்கொள்கிறது. சந்தா கட்டிப் பார்க்கும் மாணவர்களின் வருமானத்தில் ஆசிரியர்களுக்கென ஒதுக்கும் பங்கையும் யூடெமி ஆண்டுக்கு ஆண்டு குறைத்து, 2026க்கு 15 சதவீதம் என்று அறிவித்தது. இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று: மாணவரின் மின்னஞ்சல் முகவரி ஆசிரியருக்குக் கிடைக்காது. அடுத்த பாடம் தயாரானால் அவர்களைத் தன் வழியில் தொடர்புகொள்ள முடியாது.

விளம்பரத்தின் கணக்கை ஒரு பேச்சுக்குப் போட்டுப் பார்க்கலாம். வகுப்புக் கட்டணம் 3,000 ரூபாய். ஃபேஸ்புக் விளம்பரத்தில் ஒருவர் பெயரையும் எண்ணையும் நிரப்பித் தர 60 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் நிரப்பினால் 6,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080. நூறு பேரில் மூன்று பேர் சேர்ந்தால், ஒருவரைச் சேர்க்க 2,360 ரூபாய் போய்விடுகிறது. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாததால் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத ஆசிரியர் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஜிஎஸ்டி நடத்துகிறவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் கணக்கு மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை பேர் சேர்வார்கள் என்பது, நிரப்பியவர் ஆசிரியரை முன்பே அறிந்தவரா என்பதைப் பொறுத்திருக்கிறது. பணம் நின்ற அன்று விளம்பரமும் நின்றுவிடும். இரண்டு ஆண்டுக்கு முன் எழுதிய கிரெடிட் நோட் பக்கமோ இன்று காலையும் ஆளைக் கொண்டுவரும்.

வாட்ஸ்அப் குழுவை நான் போட்டியில் சேர்க்கவே மாட்டேன். ஒரு குழுவில் 1,024 பேர் இருக்கலாம். ஆனால் முன்பின் அறியாதவர் தேடிக் கண்டுபிடித்து வரும் இடம் அது அன்று. ஒளிபரப்புப் பட்டியலில் செய்தி அனுப்பினாலும் நம் எண்ணைச் சேமித்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். வேறு வழியில் வந்தவரை விட்டுவிடாமல் வைத்திருக்க அது உதவும். அந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை.

எழுத்து தோற்கும் இடங்களைச் சொல்கிறேன் என்றேன். முதலாவது, காலம். புதிய தளத்தைக் கூகுள் உடனே மேலே கொண்டுவராது. மாதக் கணக்கில் யாரும் வராத பக்கங்களை எழுதிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் வகுப்பு நடத்திக் களைத்த பிறகு. அடுத்த மாதச் சேர்க்கையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு இது ஏற்ற வழி அன்று. அவர் யூடியூபில் தொடங்கட்டும், தெரிந்தவர்கள் மூலம் முதல் வகுப்பை நிரப்பட்டும். இரண்டாவது, கூகுள் இப்போது தேடலின் மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் காட்டுகிறது. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் இது வந்தது. 'ஜிஎஸ்டிஆர்-3பி கடைசித் தேதி என்ன' போன்ற பக்கங்களை இனி எழுதுவது வீண். இந்த வரிப் படிவத்தை மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு 20ஆம் தேதி என்ற விடையைக் கூகுளே சொல்லிவிடும், யாரும் உள்ளே வரமாட்டார்கள். திரையைப் படம் பிடித்து, சிக்கலைப் படிப்படியாக அவிழ்க்கும் பக்கங்களுக்கு இன்னும் ஆள் வருகிறார்கள். எழுதினால் அவற்றைத்தான் எழுத வேண்டும்.

எதை எழுதுவது என்று யோசித்து உட்கார வேண்டியதில்லை. வகுப்பில் மாணவர்கள் கேட்கும் சந்தேகங்களே தலைப்புகள். ஒருவர் கேட்டதை வேறு ஊரில் இன்னொருவர் தட்டிக்கொண்டிருப்பார். கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலைப் பார்த்தால் எந்தச் சொற்களைத் தட்டி நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று தெரியும். அந்தச் சொற்களைத் தலைப்பில், அவர்கள் தட்டிய எழுத்திலேயே வைக்கலாம். எழுதிய பக்கங்களில் நிறையப் பேர் வரும் சிலவற்றுக்கு மட்டும் சிறு வீடியோ எடுத்து அதே பக்கத்தில் பதித்துவிட்டால், குரல் கேட்க விரும்புகிறவருக்கும் வழி பிறக்கும். விளம்பரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தளத்துக்கு ஏற்கெனவே வந்து போனவர்களுக்கு மட்டும் அதைக் காட்டினால் செலவும் கட்டுக்குள் இருக்கும்.

இத்தனை உழைத்துவிட்டுக் கடைசிப் படியில் பலர் கோட்டை விடுகிறார்கள். பக்கத்தின் அடியில் 'விவரங்களுக்கு அழைக்கவும்' என்று ஒரு எண்ணை மட்டும் போடுகிறார்கள். அந்தக் கணக்கர் அலுவலக நேரத்தில் அழைக்கமாட்டார். வீட்டுக்குப் போன பிறகு நினைவிருக்காது. கட்டணம் எவ்வளவு, வகுப்பு எத்தனை மணிக்கு, தவறவிட்டால் பதிவு கிடைக்குமா, எந்தப் பதிப்பில் நடத்துகிறார்கள் என்பதை அந்த இடத்திலேயே எழுதி, ஒரு பாடத்தை இலவசமாகத் திறந்தும் வைக்க வேண்டும்.