கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் டெபியன்: ஆறு வருட அனுபவம்

ஆற்காட்டில் மக்கன் பேடா கடை வைத்திருக்கும் நண்பன் போனில் கேட்டான்: "இன்னா மச்சான், உன் கடையில ஓடுதே டெபியன், அதை என் கம்ப்யூட்டர்லயும் போட்டுடலாமா?" டெபியன் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்க, தன்னார்வலர்கள் உருவாக்கித் தரும் இலவச மென்பொருள். ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். நியாயமான பதில் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் குடியாத்தத்தில் கைலிக் கடை. கல்லாவை ஒட்டி இருப்பது 1 ஜிபி ராம் கொண்ட பழைய நெட்புக், இன்டெலின் 'ஆட்டம்' சிப் போட்ட குட்டி லேப்டாப். 2019 கடைசியில் அதில் டெபியன் 10 போட்டேன். பில் போட, அத்தை மகன் காட்பாடியில் படிக்கும்போது பைத்தான் 2 என்ற புரோகிராம் மொழியில் எழுதிக் கொடுத்த சின்ன புரோகிராம். அப்புறம் வருடக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை. அக்னி நட்சத்திரத்தில் நாங்கள் சுருண்டாலும் அது சுருளாது.

புது பிரின்டர் வாங்கிய அன்றுதான் வம்பு. அதற்கு வேண்டிய பேக்கேஜை, அதாவது மென்பொருள் பொட்டலத்தை, இறக்கப் போனால் 404: 'கேட்டது இங்கே இல்லை' என்ற எரர். நெட் கோளாறு என்று நினைத்து ரூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். விஷயம் வேறு. டெபியன் 10-க்கு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு நீண்டகால ஆதரவும் முடிந்திருந்தது. சுமார் மூன்று வருடம் முழு ஆதரவு, பிறகு இரண்டு வருடம் நீட்டிப்பு, அதற்கப்புறம் பேக்கேஜ்களை வழக்கமான சர்வரிலிருந்து எடுத்துப் பழைய பதிப்புகளுக்கான காப்பகத்தில் வைத்துவிடுவார்கள். இதெல்லாம் முன்கூட்டியே சொன்னதுதான், படிக்காதது என் தப்பு. ஆனாலும் பால் பாக்கெட்டில்கூடத் தேதி அச்சடித்திருக்கிறது. என் திரையில் ஒரு வரி வரவில்லையே!

தூக்கி எறிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் வந்த பதிப்புகள்கூட அந்தக் காப்பகத்தில் இருக்கின்றன. முகவரியை மாற்றியதும் பேக்கேஜ் வந்துவிட்டது. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. சரி, மேலே ஏற்றிவிடலாம் என்றால் 10-இலிருந்து நேராக 12-க்குத் தாவக் கூடாது, நடுவில் 11-இல் இறங்கி ஏற வேண்டும். இரண்டு ஞாயிறு போனது.

12-இல் பைத்தான் 3 மட்டும்தான், பைத்தான் 2 கிடையாது. அதை உருவாக்கியவர்கள் 2015-இல் நிறுத்துவதாக இருந்து, ஐந்து வருடம் தள்ளிப்போட்டு, 2020 ஜனவரி 1-ஆம் தேதி ஓய்வு கொடுத்தார்கள். அதாவது நான் கடையில் வைத்தபோதே அதற்குச் சில வாரம்தான் ஆயுள் பாக்கி.

அத்தை மகன் பெங்களூரிலிருந்து போனிலேயே திருத்தச் சொல்லிக் கொடுத்தான். பிரின்ட் என்று வருமிடமெல்லாம் அடைப்புக்குறி. அங்கேதான் எதிர்பாராத சந்தோஷம். பழையதில் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'யு' எழுத்தைப் போட மறந்தால் வாடிக்கையாளர் எதிரிலேயே எரர் வரும். அதற்குப் பயந்து சரக்குப் பெயரை இங்கிலீஷ் எழுத்திலேயே அடித்துவந்தோம். 'யு' இல்லாமல் எழுதிய 'கைலி'யை பைத்தான் 2 பைட் கணக்கில் 12 என்று எண்ணும், பில்லில் கட்டம் கோணிக்கொள்ளும். பைத்தான் 3 எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனியாக எண்ணி நாலு என்கிறது. கண்ணுக்குத் தெரிவது இரண்டு எழுத்து, அது வேறு வழக்கு. முதல் தமிழ் பில்லை அப்பா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, வாடிக்கையாளரிடம் கொடுக்காமல் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இங்கேயே முடிந்திருந்தால் நல்ல பெயர் கொடுத்திருப்பேன். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. அதில் 32 பிட் என்னும் பழைய வகைக் கணினிகளுக்குக் கெர்னல் என்ற மையப்பகுதியும் இல்லை, நிறுவித் தரும் இன்ஸ்டாலரும் இல்லை. என் ஆட்டம் 32 பிட். சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறவர்கள், நாலு பழைய மெஷினுக்காக எத்தனை நாள் மல்லுக்கட்டுவார்கள்? புரிகிறது. புரிவதால் எரிச்சல் குறைந்துவிடுமா என்ன.

நண்பனுடையது 64 பிட். இந்தத் தொல்லை எதுவும் அவனுக்கு இல்லை. இருந்தும் "வேணாம் மச்சான்" என்றுதான் சொன்னேன். அவன் கூப்பிட்ட நேரத்தில் நெட்புக் மூடியில் காகிதம் ஒட்டி, '30-06-2028' என்று எழுதிக்கொண்டிருந்தேன். 12-இன் கெடு அது.